காசு முதலில் ஐஸுக்கு, பிறகு போத்தலுக்கு

சுவிஸிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது என் பெட்டிக்குள் ஒரே ஒரு நல்ல போத்தல் இருந்தது. வேலைசெய்த உணவகத்தின் முதலாளி விடைதரும்போது கையில் தந்தது. பிரான்சின் பொர்தோ சிவப்பு வைன். கடையில் வாங்கினால் 60 பிராங்குக்குக் குறையாது. மகளின் கலியாணத்துக்குத் திறப்போம் என்று அலுமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்தேன். கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டின் முன்பகுதி ஓடு, பின்பகுதி தகரம். அலுமாரி நின்றது பின்பகுதியில்.

மூன்று சோளகக் காற்றுக்காலம் கழிந்தது. கலியாணத்துக்கு முதல்நாள் எடுத்துப் பார்த்தால் தக்கை அரை விரற்கடை மேலே தள்ளி நிற்கிறது, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. திறந்து ஊற்றினேன். நாவற்பழத்தைச் சீனி போட்டு அடிப்பிடிக்கக் காய்ச்சியதுபோல ஒரு மணம். நிறம் செங்கல் நிறம். வாயில் வைத்தால் பழமும் இல்லை, புளிப்பும் இல்லை, வெந்த சுவை மட்டும். அந்த முதலாளி தன் நிலவறையில் பத்து வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த போத்தல் அது. என் வீட்டுத் தகரம் அதை மூன்று வருடத்தில் அவித்துவிட்டது. அன்று எனக்கு வந்த கவலை இன்னும் போகவில்லை.

இந்தப் பதிவை எழுதக் காரணம் அதுதான். ஆவணி மாதம் வந்தால் எங்கள் பக்கம் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை எல்லாம் ஒன்றாக வரும் காலம். வருகிறவர்கள் வைன் கொண்டுவருகிறார்கள். கிளிநொச்சி, வவுனியாக் கடைகளிலும் இப்போது வைன் கிடைக்கிறது. ஆனால் எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது, எங்கள் சாப்பாட்டோடு எது போகும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை ஒருமுறை எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், லொசானுக்கும் வெவேக்கும் இடையே லெமன் (ஜெனீவா) ஏரிக் கரையில் ஒரு உணவகத்தில் 21 வருடம் வேலை செய்தேன். முதல் ஆறு வருடம் சட்டி கழுவினேன். பிறகு பானங்கள் ஊற்றிக் கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே வைனை டெசி கணக்கில்தான் கேட்பார்கள். ஒரு டெசி என்றால் 100 மில்லிலீற்றர். இரண்டு டெசி, மூன்று டெசி என்று சின்னக் கூசாவில் அளந்து ஊற்றவேண்டும். ஒவ்வொரு புதுப் போத்தலையும் திறந்தவுடன் ஒரு மிடறு சுவைத்துப் பார்த்து, பழுதில்லை என்று கண்ட பிறகே வெளியே அனுப்பவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. விழுங்கவேண்டியதில்லை, துப்பிவிடலாம். பதினைந்து வருடம் ஒரு நாளைக்கு ஐந்தாறு போத்தல் என்றால் கணக்கைப் பாருங்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

அந்த ஏரிக்கரைச் சரிவுக்கு லாவோ என்று பெயர். மலையைப் படிப்படியாகக் கல்கட்டி முந்திரிகை நட்டிருக்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் துறவிகள் தொடங்கிய வேலை; 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நாங்கள் முந்திரிகை என்று சொல்வது திராட்சையை. உங்கள் முந்திரி எங்களுக்கு மரமுந்திரிகை.) அங்கே முந்திரிகைக்கு மூன்று சூரியன் என்பார்கள். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது இரண்டு, பகலில் சூடேறிய கற்சுவர் இரவில் விடும் வெக்கை மூன்று. குளிர் நாட்டில் பழம் பழுக்க அந்த மூன்றும் வேண்டும். எங்கள் ஊருக்கும் அந்த மூன்றும் உண்டு: வானத்தில் ஒன்று, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் ஒன்று, தகரத்தில் ஒன்று. பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வெயில் போத்தலுக்குள் போன பிறகு எதிரி.

ஆகவே விலையைப் பேசமுன் சூட்டைப் பேசவேண்டும். வைனைப் பத்திரமாக வைக்க 12 அல்லது 14 பாகை போதும். 25க்கு மேலே வாரக்கணக்கில் நின்றால் அது வேகமாக வயதாகத் தொடங்கும். எங்கள் பக்கத்துப் பகல் 34 பாகையில் தகரத்துக்குக் கீழே நின்றால் வேகும். "சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறு" என்று போத்தலின் பின்பக்கம் எழுதியிருப்பதை எங்களவர்கள் அப்படியே நம்புகிறார்கள். அந்த அறை ஐரோப்பியக் கல்வீட்டு அறை. அதன் சூடு 16, 18 பாகை. வட்டக்கச்சி அறையில் வைத்த சிவப்பு வைனை ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது சாராய நெடிதான். பழத்தின் மணம் பிறகும் வராது. நல்ல வைனையே இப்படிக் குடித்துவிட்டு, "உதென்ன மருந்துத் தண்ணியே" என்று கிளாஸை வைத்துவிட்டு எழும்பியவர்களை எனக்குத் தெரியும். பிழை அவர்களின் நாக்கில் இல்லை.

ஒரு கடையில் வெள்ளை வைன் ஒன்றை வாசல் கண்ணாடிக்குள் அழகுக்காக நிறுத்தியிருந்தார்கள். பின்னேர வெயில் நேரே அதில் விழுகிறது. வைக்கோல் நிறத்தில் இருக்கவேண்டியது பிளேன்ரீ (பால் விடாத தேத்தண்ணி) நிறத்துக்கு வந்திருந்தது. விலை மட்டும் குறையவில்லை. அதனால் கடையில் முன்னால் நிற்கும் போத்தலை எடுக்காதீர்கள். உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். வருடத்தைப் பாருங்கள், விலை குறைந்த வெள்ளை வைன் மூன்று வருடத்துக்குமேல் பழசு என்றால் வேண்டாம். சிலி, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற தென் நாடுகளில் அறுவடை பெரும்பாலும் மாசிக்கும் சித்திரைக்கும் இடையே முடிந்துவிடுவதால் அங்கிருந்து வருவதில் புது வருடப் போத்தல் கிடைக்கும். தக்கையைவிடத் திருகுமூடி போட்டது எங்கள் சூட்டுக்கு நல்லது. திருகுமூடி என்றால் மலிவுச் சாமான் என்று நினைப்பது பிழை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல நல்ல வைனுக்கெல்லாம் அதைத்தான் போடுகிறார்கள்.

சரி, குளிர்விப்பது எப்படி? பிறிஜ் இருந்தால் கரைச்சல் இல்லை. வெள்ளையை மூன்று மணித்தியாலம் வைத்து, ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன் வெளியே எடுங்கள். கடுங்குளிரில் மணம் எழும்பாது. சிவப்பை முக்கால் மணித்தியாலம் வையுங்கள். ஆட்கள் கூடும் நாளில் பிறிஜ் போதாது. அப்போது மீன்காரரிடம் போங்கள். நான் ஒரு றெஜிபோம் (வெள்ளைப் பஞ்சுப் பிளாஸ்டிக்) பெட்டியும் ஒரு பாதி ஐஸ் கட்டியும் வாங்குவேன். ஐஸை உடைத்துப் போட்டு, போத்தலின் தோள் மூடும்வரை கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கைப்பிடி உப்புப் போட்டால் இருபது நிமிடத்தில் சில்லென்று வந்துவிடும். ஐஸை மட்டும் நிரப்பினால் இடையில் காற்று நிற்கும், குளிர் ஏறாது; தண்ணீர்தான் போத்தலைச் சுற்றிப் பிடிக்கும். பெட்டியை ஒருமுறை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், மீன் மணம் நின்றால் எல்லாம் வீண். இதற்கு ஆகும் செலவு ஒரு போத்தல் விலையில் சின்னப் பங்கு. ஆனால் அந்தப் பங்கு இல்லாவிட்டால் மிச்சம் முழுவதும் தண்ணீரில் போட்ட காசு.

போன ஆவணியில் மடுத் திருவிழா முடிந்து வந்த சனிக்கிழமை எங்கள் வளவில் மாமரத்துக்குக் கீழே ஒன்பது பேர் இருந்து ஆறு போத்தலைச் சுவைத்தோம். ஐந்து போத்தலை பேர்ணிலிருந்து வந்த மச்சானும் அவர் குடும்பமும் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் வரும்போது பின்டிக்கியில் போடாமல் காலடியில், ஏசி படும் இடத்தில் வைக்கும்படி நான் முன்பே சொல்லியிருந்தேன். ஒன்று நான் வவுனியாவில் வாங்கியது. வைன் கிளாஸ் என்று ஒன்றும் எங்களிடம் இல்லை. தேத்தண்ணி குடிக்கும் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்தான். மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினால் மணம் நிற்க இடம் இருக்கும், அது போதும்.

கறி வருமுன் முதலில் வெறும் வாயில் சுவைக்கச் சொன்னேன். எதைப் பார்ப்பது என்று பெறாமகள் கேட்டாள். எங்கள் மொழியில் அறுசுவைக்கும் பெயர் இருக்கும்போது கஷ்டம் என்ன? புளிப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, தொண்டையில் எரிவு எவ்வளவு என்று நாலைப் பாருங்கள். துவர்ப்புத்தான் வெளிநாட்டுக்காரர் தனின் என்று பெரிதாகப் பேசுவது. நாவற்பழம் தின்றால் நாக்கு ஒட்டுகிறதே, அது. பழக வேண்டுமானால் வைனே தேவையில்லை. ஒரே தேயிலையில் மூன்று கோப்பை பிளேன்ரீ போடுங்கள்; ஒன்றை இரண்டு நிமிடத்தில், மற்றதை ஐந்தில், கடைசியைப் பத்தில் வடியுங்கள். சீனி போடாமல் மூன்றையும் வரிசையாகக் குடித்தால் துவர்ப்பு எப்படி ஏறுகிறது என்று நாக்குக்கே விளங்கிவிடும்.

முதலில் வவுனியாப் போத்தல். சிலி நாட்டு சொவினியோன் பிளாங் என்ற வெள்ளை வைன், 5,800 ரூபா. வரியும் கப்பற்கூலியும் சேர்ந்த விலை என்பதால் விளைந்த நாட்டில் இது சாதாரண வைன். ஆனால் சாதாரணம் என்று ஒதுக்கமுடியாது. திறந்தவுடன் கொய்யாப்பழ மணம், பின்னால் தேசிக்காய்த் தோல். எல்லாருக்கும் விளங்கும் வைன். பொரித்த இறாலோடு வைத்தோம். நந்திக்கடல் இறால், மஞ்சளும் உப்பும் கொஞ்சம் மிளகுத்தூளும் மட்டும். நன்றாகச் சேர்ந்தது. உள்ளூரில் வாங்கும் ஒருவர் எதை வாங்கலாம் என்றால் என் முதல் சொல் இதற்குத்தான்.

இரண்டாவது, போர்த்துக்கல்லின் வீனியோ வேர்டே. சுவிஸ் சூப்பர்மார்க்கட்டில் 7 பிராங். ஒரு பிராங்கை 350 ரூபா என்று பெருக்கினால் 2,450. ஆறு போத்தலில் இதுதான் மலிவு. சாராயம் (அல்கஹோல்) 10 வீதம், நாக்கில் மெல்லிய நுரைப்பு, நல்ல புளிப்பு. எங்கள் மாமா ஒருவர் கள்ளுத் தவறணைக்கு நாற்பது வருடமாகப் போய்வருகிறவர், வைன் என்றால் பெண்பிள்ளைகள் குடிப்பது என்று ஒதுங்கி இருந்தவர். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸைப் பார்த்தார். "தம்பி, இது காலமை இறக்கின தென்னங்கள்ளு மாதிரியெல்லே கிடக்கு" என்றார். மிகச் சரியான சொல். காலையில் இறக்கிய கள்ளில் இனிப்புப் போகத் தொடங்கி, புளிப்பு வந்தும் வராமலும், நுரை சுறுசுறுவென்று இருக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளைதான் வீனியோ வேர்டே. எங்களவர்களுக்கு வைனை முதன்முதலில் கொடுக்கும்போது கடுஞ்சிவப்பைக் கொடுக்காமல் இதைக் கொடுங்கள். கள்ளுக்குப் பழகிய நாக்கு இதை உடனே பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது என் மனதுக்கு நெருங்கியது, லாவோவின் ஷாஸ்லா என்ற வெள்ளை வைன், 16 பிராங். சுவிஸ்காரர் தங்கள் வைனை ஏறக்குறைய முழுவதையும் தாங்களே குடித்துவிடுவார்கள். ஏற்றுமதி நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். அதனால் ஆட்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. நான் பதினைந்து வருடம் டெசி டெசியாக ஊற்றியது இதைத்தான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: அன்று யாருக்கும் இது பிடிக்கவில்லை. ஷாஸ்லா மெல்லிய வைன். ஏரி மீனுக்கும் பாற்கட்டிக்கும் பொருந்தும். எங்கள் வறுத்த தூளுக்கு முன்னால் அதன் குரல் எழும்பவில்லை. எனக்கு மட்டும் அந்தக் கரை, அந்தக் கற்சுவர், மாலையில் படகு வரும் சத்தம் எல்லாம் வந்தது. அது என் நினைவு. அதற்காக நீங்கள் 16 பிராங் கொடுக்கவேண்டாம்.

நான்காவது போத்தல்தான் அன்றைய நாளின் போத்தல். ஜேர்மனியின் மோசல் ஆற்றுச் சரிவில் விளைந்த றீஸ்லிங், கபினெற் என்ற வகை. மச்சான் 19 பிராங்குக்கு வாங்கித் தன் நிலவறையில் எட்டு வருடம் வைத்திருந்தார். சாராயம் 8.5 வீதம் மட்டும். பழச்சீனி முழுவதும் சாராயமாக மாறமுன் நொதிப்பதை நிறுத்திவிடுவதால் கொஞ்ச இனிப்பு மிஞ்சும். ஆனால் புளிப்பு அதற்கு மேலே நிற்பதால் திகட்டாது. நாங்கள் சம்பலுக்குத் தேசிக்காய் விட்டு உப்பையும் உறைப்பையும் சமப்படுத்துவதுபோல ஒரு கணக்கு.

சின்னம்மா குடிக்கமாட்டார். அறுபத்தெட்டு வயது. ஆனால் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கி மணந்து, எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார். "நான் மணந்து மட்டும் பாக்கிறன்" என்று கிளாஸை வாங்கினார். கண்ணை மூடினார். பிறகு, "மண்ணெண்ணெய் மணக்குது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் எழும்பி நின்றே சொன்னேன், சின்னம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நன்றாக வயதான றீஸ்லிங்குக்கு அந்த மணம் வரும். அதற்குப் பெயரே பெற்றோல் மணம். வெயில் நன்றாகப் பட்ட பழத்திலிருந்து வந்த ஒரு பொருள், போத்தலுக்குள் வருடக்கணக்கில் இருந்து அந்த மணமாக மாறுகிறது. என் முதலாளி அந்த மணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் சொல்லித்தந்தார். சின்னம்மாவுக்கு ஒரு மூச்சுப் போதுமாக இருந்தது.

ஏன் என்று எங்களுக்குத் தெரியும். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டு என்றாலும் பொன். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து, சைக்கிள் வால்வில் திரியைக் கோத்து எரித்த விளக்கில்தான் அவருடைய மூன்று பிள்ளைகளும் படித்தார்கள். எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா என்று மணந்துதான் வாங்கவேண்டும். அந்த மூக்கு அது. "பிள்ளையள் படிக்கேக்க வீடு முழுக்க இந்த மணம்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளாஸைத் திருப்பித் தராமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அப்போதுதான் கூழ் வந்தது. ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மா, பழப்புளி, செத்தல் மிளகாய், நண்டு, இறால், மீன் தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை. கூழோடு வைனா என்று பெறாமகள் தயங்கினாள். றீஸ்லிங்கை ஊற்றிக் குடிக்கச் சொன்னேன். உறைப்பு நாக்கில் ஏறி நிற்கும்போது அந்தச் சின்ன இனிப்பு வந்து தணிக்கிறது, புளி புளியோடு சேர்கிறது, நண்டின் இனிப்பு மேலே வருகிறது. 21 வருடம் வைன் ஊற்றியும், மேசையில் ஒரு வைனும் ஒரு சாப்பாடும் இப்படிச் சேர்ந்து நான் கண்டது நாலைந்து தரம்தான். அதில் ஒன்று எங்கள் கூழ். வெளிநாட்டிலிருந்து ஒரு போத்தல்தான் கொண்டுவர இடம் உண்டு என்று யாராவது கேட்டால், மோசல் றீஸ்லிங் கபினெற் என்று எழுதிக் கொடுங்கள். புதுசு என்றால் மண்ணெண்ணெய் மணம் இருக்காது. பச்சை அப்பிளும் தேசிக்காய்ப்பூவும் இருக்கும். அதுவும் அருமை.

ஐந்தாவது, பிரான்சின் போஜலே. கமே என்ற பழம், 15 பிராங். சிவப்புத்தான், ஆனால் துவர்ப்புக் குறைவு. அரை மணித்தியாலம் ஐஸில் வைத்துக் கொடுத்தேன். சிவப்பை ஐஸில் வைக்கிறாயே என்று மச்சானே கேட்டார். குடித்த பிறகு கேட்கவில்லை. கோழிக்கறிக்கு, கத்தரிக்காய்க் குழம்புக்கு, விரால் பொரியலுக்கும்கூட இது போகும். சிவப்புத்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உள்ளூரில் போஜலே கிடைக்காவிட்டால் பினோ நுவார் என்று எழுதியதைப் பாருங்கள்.

கடைசி, விலை கூடியது. தென் பிரான்சில் றோன் ஆற்றுப் பக்கத்து ஷாத்தோநெஃப் து பாப், 48 பிராங், ஏறக்குறைய 17,000 ரூபா. பெயரைத் தமிழாக்கினால் 'பாப்பரசரின் புதுக்கோட்டை' என்று வரும். பாப்பரசர்கள் உரோமையை விட்டு அவிஞ்ஞோனில் இருந்த 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை அது. 15 வீதச் சாராயம். அதை ஆட்டிறைச்சிக் கறிக்கு என்று வைத்திருந்தோம். இறைச்சிக்குச் சிவப்பு என்று எல்லோரும் சொல்வது எங்கள் இறைச்சிக்குப் பொருந்தவில்லை. மிளகாய் எரிவை உணரும் அதே நரம்பைச் சாராயமும் தூண்டுகிறது. 15 வீதம் என்றால் எரிவு இரட்டிப்பானதுபோல இருந்தது. துவர்ப்பு வேறு வாயைப் பிடித்தது. மாமா தண்ணீர் கேட்டார். 17,000 ரூபாய் வைன், 2,450 ரூபாய் வைனிடம் எங்கள் மேசையில் தோற்றது.

ஆனால் அந்தப் போத்தலுக்கும் நியாயம் செய்யவேண்டும். பாதியை மூடி பிறிஜில் வைத்து, அடுத்தநாள் இரவு சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்து, உறைப்பில்லாத வாயில், மச்சானும் நானும் மட்டும் குடித்தோம். காய்ந்த முந்திரிகைப் பழம், மிளகு, மழை விழுந்த சூட்டு மண். அப்படி ஒரு வைன். அதற்கு இருட்டும், சோளகக் காற்றும், வெறும் வாயும் வேண்டியிருந்தது. விலை கூடிய சிவப்பு யாராவது கொண்டுவந்து தந்தால் கறியோடு திறக்காதீர்கள். கொறிக்கக் கச்சான் கடலையும் வேண்டாம். தனியே வையுங்கள்.

உள்ளூரில் காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு என் கணக்கு இதுதான். ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாவுக்கு வெள்ளையைத் தேடுங்கள்: சிலி சொவினியோன் பிளாங் அல்லது தென்னாபிரிக்கச் செனின் பிளாங். அந்த விலையில் சிவப்பு பெரும்பாலும் கடுப்பாகத்தான் இருக்கும். ஏழு, எட்டாயிரம் என்றால் றீஸ்லிங் என்று எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அவுஸ்திரேலிய றீஸ்லிங்கும் நல்லது, ஆனால் அது இனிப்பில்லாமல் கூர்மையான புளிப்போடு இருக்கும், மீன் பொரியலுக்கு ஏற்றது. பத்தாயிரத்துக்குமேல் எங்கள் சூட்டில், எங்கள் கடையில் எவ்வளவு காலம் நின்றது என்று தெரியாத போத்தலுக்கு நான் கொடுக்கமாட்டேன். எந்த விலையிலும் லேபலில் சாராய வீதத்தைப் பாருங்கள். 12.5க்குக் கீழே என்றால் கறியோடு போகும். 14க்கு மேலே என்றால் போகாது.

இதற்கெல்லாம் முதலே எங்களுக்கு ஒரு வைன் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தோலகட்டி மடத்தின் முந்திரிகை ரசம். செபமாலைத் துறவிகளின் சபை 1928இல் தொடங்கிய இடம். அவர்களின் நெல்லிரசம் குடிக்காத வீடு வடக்கில் குறைவு. கத்தோலிக்கப் பூசைக்குரிய வைன் முந்திரிகைப் பழத்திலிருந்து மட்டுமே வரவேண்டும் என்பதால், எங்கள் பக்கத்தில் வைன் என்ற சொல்லுக்கே கோயில் மணம் உண்டு. அம்மாவின் பக்கம் மன்னார்ச் சொந்தம். நத்தாருக்குப் பெரியம்மா வீட்டில் முந்திரிகையும் சீனியும் கிராம்பும் போட்டுச் சாடியில் புளிக்கவைப்பார்கள். இனிப்பான, கனத்த ரசம். அதை நத்தார்க் கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸ் குடித்தால் வேறு எந்த வைனும் அந்த இடத்துக்கு வராது. தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையும் மஸ்கட் இனம்தான் என்று அறிந்தபோது அதில் ஒரு வைன் குடித்துப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. அந்த மணம் அவ்வளவு நல்லது.

மஸ்கட் என்றதும் நினைவு வருகிறது. இத்தாலியின் மொஸ்காத்தோ த அஸ்தி, 11 பிராங், 5 வீதம் மட்டுமே சாராயம். அன்று கொண்டுவரவில்லை, ஆனால் முந்தின வருடம் எருமைத் தயிரும் பனங்கட்டியும் சாப்பிட்டுவிட்டு அதைக் குடித்தோம். வைன் சாப்பாட்டைவிட இனிப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வைன் வாயில் புளிக்கும். பனங்கட்டியைக் குறைத்துப் போட்டால் சரியாக வரும்.

ஒரு விஷயம் பாரமானது, ஆனால் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் ஊர்களில் யுத்தத்துக்குப் பிறகு குடியால் உடைந்த வீடுகள் இருக்கின்றன. கசிப்பு என்ற கள்ளச்சாராயம் எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்றில்லை. குடியை விட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் போத்தலோடு போகாதீர்கள், எவ்வளவு நல்ல வைன் என்றாலும். அன்று எங்கள் ஒன்பது பேரில் இரண்டு பேருக்கு நெல்லிரசம்தான் ஊற்றினோம். அதே கிளாஸில், அதே குளிரில். ஆறு போத்தலில் முழுவதாக முடிந்தது மூன்று.

மிச்சத்தைத் தக்கை போட்டு பிறிஜில் வைத்தால் வெள்ளை மூன்று நாள், சிவப்பு இரண்டு நாள் நிற்கும். வெளியே வைத்தால் எங்கள் சூட்டில் அடுத்தநாளே வினாகிரி வாடை. வெறும் போத்தல்களைச் சின்னம்மா கொண்டுபோனார், நல்லெண்ணெய் விட்டு வைக்க. றீஸ்லிங் போத்தலை மட்டும் கழுவவில்லை என்று மகள் சொன்னாள்.

மச்சானுக்கு நேற்று வட்ஸ்அப்பில் வரும் ஆவணிக்கான பட்டியல் அனுப்பிவிட்டேன். றீஸ்லிங் கபினெற் மூன்று, ஒன்றாவது பழசு. வீனியோ வேர்டே இரண்டு, மாமாவுக்கு. போஜலே ஒன்று. கூழுக்கு ஒடியல் மா நாங்கள் இடித்து வைப்போம்.